ஆட்டுக்காரர் காது கொண்டுவரவில்லை

எங்கள் கரிசல் பக்கத்தில் ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவார்கள். ஆடு நம்முடையது, மேய்ப்பவர் வேறு. ஈனுகிற குட்டியில் பாதி அவருக்கு. ஆடு செத்துப்போனால், அடையாளம் வெட்டிய காதை அறுத்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எழுபதுகளில் ஒரு கோடை, அப்பா கோவில்பட்டி மில்லுக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், எங்கள் செம்மறியை மேய்த்த ஆட்டுக்காரர் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"நரி இழுத்துட்டுப் போயிட்டு தங்கச்சி. ரோமங்கூடக் கெடைக்கல."

பொய்யா மெய்யா என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும், "நீங்க சொன்னாப் போதும் அண்ணாச்சி. காது எதுக்கு?" என்றாள். வீட்டில் நின்ற பெட்டைக்குட்டியையும் மேய்க்கத் தருவதாகச் சொன்னாள். அந்தப் பெரிய மனசு நாலு நாள்கூடத் தாங்கவில்லை. காதுகூடக் கேட்காத ஏமாளி என்று தெருப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

அந்தச் செம்மறிக்குக் கருப்பி என்று பேர் வைத்து, குட்டியில் பாலூட்டி வளர்த்தவள் நான். என் குரல் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவரும். அம்மா தூக்குவாளியில் மோர் ஊற்றித் தந்தாள். "ஆட்டுக்காரருக்குக் குடுத்துட்டு, அப்படியே சும்மா கூப்பிட்டுப் பாரு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஓடைக்கரை உடைமர நிழலில் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வாளியை அவரிடம் நீட்டிய கையோடு வந்த காரியத்தில் இறங்கினேன். "கருப்பீ, கருப்பீ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒன்றும் எழவில்லை.

"அம்மாதான் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னாவளா தாயி?"

"ஆமா" என்றேன், பெரிய கெட்டிக்காரியாட்டம்.

அவர் கம்பை எடுத்து அத்தனை ஆட்டையும் எழுப்பினார். "படுத்துக் கெடந்தாத் தெரியாது. நல்லாப் பாத்துக்கோ" என்று ஒவ்வொன்றாக என் முன்னால் ஓட்டிக் காட்டினார். நானும் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கருப்பி இல்லை. மோரை அவர் தொடாமலே திருப்பித் தந்தார்.

"அவிய சொன்னது நெசந்தாம்மா. ஆடு அங்கன இல்ல" என்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அவர் விற்றிருந்தாலும் ஆடு அங்கே இருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. அம்மா நிறைந்த வாளியையே பார்த்தாள்.

"அவிய ஏதும் கேட்டாவளா?"

"நீதான் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னியான்னு கேட்டாவ. ஆமான்னேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குட்டியை வாங்க அவர் வரவே இல்லை. அவருடைய மந்தை எங்கள் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆட்டைத் தொலைத்த ஆளின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போகிறாள் என்று எண்ணிக்கொண்டு, நான் வாசலில் நின்று அவரை முறைத்துக்கொண்டிருந்தேன்.