முன்சீட்டில் ஈரம்

தையல்காரம்மா தன் மாப்பிள்ளையோடு பேசுவதென்றால் வேனின் முன்கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். மகளுக்குக் கல்யாணமான நாள் முதல் அப்படித்தான். “இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி” என்பார் கண்ணாடியிடம். “ஆமாங்க அத்தை” என்பார் மாப்பிள்ளை, ஸ்டியரிங்கிடம். பல வருஷமாகத் தினமும் காலையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர்கள்தான். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை.

தையல்காரம்மாவுக்கு ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை. கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடவேண்டும். மாப்பிள்ளை நாற்காலி, மேஜைகளை வாடகைக்குக் கொண்டுபோய்ப் போடுபவர். போகிற வழியில் அத்தையை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார். வேன் பழசு. அதன் வயசைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனால்தான்.

குளிர்காலம் தொடங்கிய ஒரு காலையில், வேன் வேகத்தடையில் ஏறிக் குதித்தது. சரியாக அதே நேரத்தில் தையல்காரம்மா தும்மினார். உடனே பாதத்தில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது. காலுறை நனைந்துவிட்டது.

தும்மினால் அடக்க முடியாமல் போவதைப் பற்றி அந்த வயசுப் பெண்களுக்குத் தெரியும். அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தன்மேல் தீர்ப்பெழுதிவிட்டார்.

மறுநாள் தும்மவே இல்லை, ஆனாலும் நனைந்தது. அடுத்த நாளும் அப்படியே. போதாததற்கு ஒரு இனிப்பு வாடை வேறு. துணி அறையில் இஸ்திரி போடுகிறவள் தன் புருஷனின் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தாள். தையல்காரம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்று மாலையே டீயில் சர்க்கரையை நிறுத்தினார்.

“என்னம்மா, திடீர்னு?” என்றாள் மகள்.

“திகட்டுதுடி.”

அதன்பிறகு தினமும் பழைய விரிப்புத் துண்டு ஒன்றை மடித்துக் காலடியில் போட்டுக்கொள்வார். இறங்கும்போது வேன் தரையிலிருந்த ரப்பர் மிதியடியைப் பளபளவென்று துடைத்து, துணியைச் சுருட்டிப் பைக்குள் ஒளித்துக்கொள்வார். ஆஸ்பத்திரித் தொட்டியில் முதல் தடவை அதைப் பிழிந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். பச்சை! நல்ல வெளிர்ப்பச்சை. யோசித்துப் பார்த்தார். கீரையாக இருக்குமோ? கீரையையும் நிறுத்தினார்.

வேனின் பாடும் சரியாக இல்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே மேலே ஏறியது. ஹீட்டரோ வெறும் குளிர்காற்றை ஊதியது. “எஞ்சின் அங்க வேகுது, நாம இங்க விறைக்கிறோம். இது என்ன நியாயம்?” என்று ஸ்டியரிங்கிடம் கேட்டார் மாப்பிள்ளை. தினமும் காலையில் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் ஊற்றுவார், சாயங்காலம் பார்த்தால் பாதி இருக்காது. முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. அதையும் தையல்காரம்மாவே துடைத்தார்.

மெக்கானிக்குக் கண்ணாடி தடிமன், அதனால் தெருவில் அவர் பேர் சோடாபுட்டி. வேனுக்கு அடியில் அட்டையை விரித்து ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தார். அட்டை காய்ந்து கிடந்தது. உள்ளே தலையை நீட்டினார். மிதியடி பளபளத்தது. ஒழுகுகிற இடத்தைத் தினம் தினம் துடைத்துக் காட்டாமல் வைத்திருந்தது யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்?

“வெளிய ஒரு சொட்டு இல்ல. அப்ப எஞ்சினேதான் குடிக்குது. குடிக்கப் பழகிட்டா நிறுத்தாது, என் மச்சான் மாதிரி. பிரிச்சு வேலை பாக்கிற செலவுக்கு இன்னொரு பழைய வேனே வாங்கிடலாம். சனிக்கிழமை பழைய இரும்புக்காரனைக் கூட்டிட்டு வரேன்.”

மாப்பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். “வேன் போச்சுன்னா அண்ணன் கடையிலதான் போய் நிக்கணும்” என்று மனைவியிடம் சொன்னார். “கஸ்டமர் முன்னாடியே ‘டேய், இங்க வாடா’ம்பான்.”

சுவருக்கு இந்தப் பக்கம் தையல்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். வேன் போனால் தன் ரகசியமும் அதோடு போய்விடும் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணமே தன்னைத் திட்டிக்கொண்டார். பிழைப்பு போகப்போகிற வீட்டுக்குத் தானும் நோயாளியாகிப் பாரமாகலாமா? முதலில் வியாதி என்னவென்று தெரியட்டும் என்று வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி லேபுக்குப் போனார்.

சின்னக் குப்பி ஒன்றைக் கொடுத்து, நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவர் நியாயமாக யோசித்தார். கழிவறையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கோளாறு வேனில் மட்டும்தான். ஒழுங்கானதைக் கொடுத்து டாக்டரை ஏமாற்ற மனசு வரவில்லை. பையிலிருந்த துணியை எடுத்துக் குப்பிக்குள் பிழிந்தார்.

லேப் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “அம்மா, இது யாரோடது?”

“தெரிஞ்சவங்களோடது.”

“உயிரோட இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“நடமாடுறாங்களா?”

“தையல் மிஷின் மிதிக்கிறாங்க.”

லேப் பெண் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். குப்பி கைமாறியது. யாருக்கும் பிடிபடவில்லை. ஏதோ ரசீது வாங்க வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் எட்டிப் பார்த்து மோந்தார். “இது கூலன்ட் ஆச்சே! ரேடியேட்டர்ல ஊத்துறது. ஹீட்டர் ஓட்டையானா முன்சீட்டு ஆளு காலடியில வந்து சொட்டும்.”

லேப் பெண் தையல்காரம்மாவைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கு ரேடியேட்டர் இருக்கா?”

தையல்காரம்மா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. எஞ்சின் குடிக்கவில்லை. துடைத்துத் துடைத்து வேனை இரும்புக் கடைவரை அனுப்பியது தான்தான். உண்மையைச் சொன்னால் வேன் பிழைக்கும். ஆனால் இத்தனை நாளாக அத்தை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதும் மாப்பிள்ளைக்குத் தெரிந்துபோகும். அன்று இரவு எத்தனையோ விதமாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை.

சனிக்கிழமை காலை சோடாபுட்டியோடு வந்த இரும்புக்காரர் வேனைச் சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை சாவியைக் கொடுக்கக் கையை நீட்டிவிட்டார். தையல்காரம்மா விறுவிறுவென்று வந்து கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“ஸ்டார்ட் பண்ணச் சொல்லுடி” என்றார் மகளிடம். “ஹீட்டரையும் போடச் சொல்லு.”

“என்னம்மா உனக்கு?”

“சொன்னதைச் செய்.”

எஞ்சின் உறுமியது. எல்லோரும் நின்று அவரையே பார்த்தார்கள். அவர் அசையவில்லை. “அம்மாவையும் சேர்த்தா விக்கிறீங்க?” என்று இரும்புக்காரர் மெதுவாகக் கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரம்மா காலைத் தூக்கி வெளியே நீட்டினார். காலுறை நுனியிலிருந்து பச்சையாகச் சொட்டியது. சோடாபுட்டி பாய்ந்து வந்து உள்ளே குனிந்தார்.

“அட, ஹீட்டர்ல ஓட்டை! எத்தனை நாளா இப்படி?”

“மூணு வாரமா.”

“அன்னைக்குப் பாக்கும்போது காஞ்சு கிடந்துச்சே!”

“துடைச்சு வச்சிருந்தேன்.”

“ஏம்மா துடைச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

மகள் அம்மாவைப் பார்த்தாள். சர்க்கரை இல்லாத டீயும் தொடாத கீரையும் அவள் மனசில் ஒன்றாய்ச் சேர்ந்தன. “ஐயோ அம்மா! நீ போய், உனக்குத்தான்னு...”

“வாயை மூடுடி!”

மகள் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை டயரைச் சோதிப்பதுபோல் வேனுக்குப் பின்னால் போனார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். “அத்தை என்ன நினைச்சாங்களோ, அதை இந்த வீட்டில் யாரும் கேக்கவேண்டாம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மாடலுக்கு ஹீட்டர் எங்கேயும் கிடைக்கவில்லை. சோடாபுட்டி ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் ஒரு சின்னக் குழாயால் இணைத்து, ஹீட்டரைக் கழற்றிவிட்டார்.

வேன் இப்போது ஓடுகிறது. கூலன்ட் குறைவதில்லை. உள்ளே சூடு கிடையாது. மாப்பிள்ளை கம்பளிக் குல்லாவோடும், தையல்காரம்மா இரண்டு ஜோடிக் காலுறையோடும் காலையில் கிளம்புகிறார்கள்.