சித்தூர் கேட்டில் தூற்றிய மண்

காலை ஆறு பத்துக்கு வேலூரில் சித்தூர் பஸ் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். மடியிலிருந்த உறைக்குள் மூன்று தாள்கள்: ஒரு தமிழ் ராப் பாட்டின் தெலுங்கு மொழிபெயர்ப்பு. கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் காகிதங்களை மொழிபெயர்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. பாகப் பத்திரம், மரண வாக்குமூலம், காதல் கடிதம் எல்லாம் பார்த்திருக்கிறேன். பாட்டு இதுதான் முதல் தடவை.

பாடியவன் தினேஷ், இருபத்து நான்கு வயது. ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சித்தூரில் மாங்கூழ் ஆலை ஒன்றின் மேஸ்திரியைப் பேர் சொல்லித் திட்டிப் பாடி, போனில் பரப்பிவிட்டான். மேஸ்திரி கொலை மிரட்டல் என்று புகார் கொடுத்துவிட்டார். கேஸ் பதிவானால் பையனின் வேலை போய்விடும். பாட்டில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஸ்டேஷனிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

காட்பாடி தாண்டியதும் இன்னொரு தடவை காதில் மாட்டிக் கேட்டேன். "உன் வூடு பத்தி எரியட்டும், வெளக்கு ஏத்த ஆளில்லாம போவட்டும், நீ துன்ற சோறு மண்ணாப் போவட்டும்." எரிச்சல்தான் வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு வெட்டு, குத்து, எரிப்பு விட்டால் வேறு பாட்டே கிடையாதா? உள்ளே இருப்பது என்ன காகிதம் என்று தாளின் தலைப்பில் ஒரு வரி எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். "கொலை மிரட்டல் பாட்டு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

ஏழேகாலுக்குச் சித்தூர். மாம்பழ லாரிகள் ரோட்டோரம் வரிசை கட்டி நின்றன. ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில் தினேஷும் அவன் அம்மா மல்லிகாவும் காத்திருந்தார்கள்.

"இந்த வரியெல்லாம் எங்கேயிருந்துப்பா பிடிச்ச?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

அவன் வாய் திறக்குமுன் மல்லிகா சொன்னார். "அது நான் சொன்னது சார். போன சீசன்ல அந்த ஆலையில எங்க வூட்டுக்காரர கழிவுத் தொட்டிய கழுவ எறக்கி வுட்டாங்கோ. கயிறு குடுன்னு கேட்டுகினு நின்னாராம். சும்மா எறங்குன்னான் மேஸ்திரி. எறங்கினவரு ஏறல. பொணத்த வாங்கிக்கினு, ஆலை கேட்டாண்ட நின்னு மூணு தபா மண்ண வாரித் தூத்தினேன். அப்ப சொன்னது."

"அம்மா சொன்னதுல ஒரு வார்த்தைகூட நான் மாத்தல சார். பீட் மட்டும்தான் என்னுது," என்றான் தினேஷ். "எங்க நைனாவுக்காக அம்மா வுட்ட சாபத்தையாவது நாலு பேரு கேக்கட்டும்னுதான்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மண் தூற்றுவது எங்கள் பக்கத்திலும் உண்டு. கையில் வேறு எதுவும் இல்லாதவர்கள் செய்வது அது. அதற்குப் போய் மிரட்டல் என்று எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழ் பேசுவார், படிக்க வராது. தாளை நீட்டுமுன் தலைப்பை அடித்தேன். "கணவனை இழந்தவர் மண் தூற்றியபோது சொன்ன சாபம், மகன் பாடியது" என்று தெலுங்கில் எழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டேன். இருபது வருடத்தில் எழுதிய தலைப்பை நான் அடித்தது அன்றைக்குத்தான்.

அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "சாபத்துக்கு எந்த செக்‌ஷன் போடறது?" என்று மேஸ்திரியைப் பார்த்தார்.

மேஸ்திரி என்றதும் முரட்டு ஆளை எதிர்பார்த்திருந்தேன். பெஞ்சு ஓரத்தில் இருந்தவர் ஒல்லியான மனிதர். "கேஸெல்லாம் வேணா சார். எவன் போனத் தொறந்தாலும் அந்த மண்ணு என் மேல வுழுந்துக்கினே கீது. எம் பொண்ணு ஏழு மாசம் முழுகாம இருக்குது. அந்தம்மாவ சாபத்த வாபஸ் வாங்கிக்கச் சொல்லுங்க."

மல்லிகா அவரை நேராகப் பார்த்தார். "ஒரு கயிறு குடுத்திருந்தா நான் ஏன் மண்ண வாரப் போறேன்? அவர எழுப்பிக் குடு. வாங்கிக்கிறேன்."

பாட்டிலிருந்து மேஸ்திரி பேரை மட்டும் எடுத்துவிடு, கேஸ் இல்லை என்றார் சப்-இன்ஸ்பெக்டர். தினேஷ் தலையாட்டினான். வேலை தப்பியது. தொட்டியில் செத்தவரின் கேஸ் என்னவாயிற்று என்று நான் கேட்டேன். "விசாரணலோ உந்தி," என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். பாட்டுக்கு மூன்று நாளில் ஆள் அனுப்பிய இடத்தில், ஒரு சாவு அடுத்த மாம்பழ சீசன் வந்தும் விசாரணையில் இருக்கிறது. எனக்குக் கோபம் பொங்கியது. வெளியே வந்து சும்மா நின்றேன்.

மல்லிகா வீட்டுக்குப் போனார். எனக்குத் திருப்பதியில் வேலை, தினேஷுக்கு அதைத் தாண்டி ரேணிகுண்டாவில் சாயங்கால ஷிப்ட். பன்னிரண்டு மணி திருப்பதி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எழுபது கிலோமீட்டர். வேலூரில் என் வீட்டு மாடியிலும் பையன்கள் இப்படித்தான் பாட்டு வைப்பார்கள். ஜன்னலைச் சாத்துங்கடா என்று கத்துவேன். எந்தக் கேட்டிலிருந்து வந்த வார்த்தை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சந்திரகிரி வருவதற்குள் தினேஷ் போனிலேயே மேஸ்திரி பேரை அழித்துவிட்டு, "கேளுங்க சார்," என்று நீட்டினான். பேர் இருந்த இடத்தில் தாளம் மட்டும் ஓடியது. என்னை அறியாமல் என் வாய் அந்தப் பேரைச் சொல்லிவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தினேஷ் சிரிக்கவில்லை. "பாட்டு அந்த எடத்துக்கு வந்தா எல்லாரும் அதத்தான் சார் சொல்லுவாங்க," என்றான்.