விரதத்தன்று அடைத்த பல்

சென்ற ஆண்டு ஒரு பிரதோஷத்தன்று காலை, சொத்தையான முன்பல்லை அடைக்கப் புதுக்கோட்டையில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றேன். மாலையில் குடுமியான்மலைச் சந்நிதியில் பதிகம் பாட வேண்டும். ஊசி போட்டால் நா மரத்துவிடும். ஆகவே ஊசியும் வேண்டாம், துளைக்கும் கருவியும் வேண்டாம் என்றேன்.

“அப்ப ஜெல் வச்சுச் சொத்தையை ஊறவச்சுச் சொரண்டி எடுத்துருவோங்கய்யா. அப்பறம் தண்ணி அடிச்சுக் கழுவணும். ஜெல் கொஞ்சம் தங்குனாலும் அடைக்கிற பசை பிடிக்காது,” என்றார் அந்தப் பெண் மருத்துவர்.

கழுவும் நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். “இன்னைக்குத் தண்ணிகூடப் படாத விரதம்மா.”

“இதை வந்தப்பவே சொல்லப்படாதா? நாளைக்கு வாங்களேன்.”

“ஓட்டைப் பல்லோட சாமி முன்னாடி நிக்கச் சொல்றீங்களா? பஞ்சால தொடைச்சு அடைச்சு விடுங்கம்மா.”

அரைமனதாக இசைந்தார். “விழுந்துச்சுன்னா என்னையத் திட்டாதீங்க.”

அன்று மாலை உச்சக் குரலில் பாடுகையில் அடைப்பு பெயர்ந்து தொண்டையில் சிக்கியது. மூச்சு நின்றது. அருகிலிருந்த அன்பர் முதுகில் ஓங்கி அறைந்ததால் உயிர் பிழைத்தேன்.

பல் பிழைக்கவில்லை. வெட்கத்தால் மூன்று மாதம் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டேன். சொத்தை வேர்வரை இறங்கி, பல்லையே பிடுங்க நேர்ந்தது. பொய்ப்பல்லோடு பாடினால் ‘த’ என்னும் எழுத்து காற்றாய்ச் சிதறுகிறது.

இப்போதெல்லாம் எந்த மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் அமருமுன்பே என் நோன்பு நாள்களைச் சொல்லிவிடுகிறேன். கழுவ வேண்டும் என்றால் மறுக்காமல் வாய் திறக்கிறேன். சந்நிதியில்தான் திறப்பதில்லை, பிறர் பாடக் கேட்டு நிற்கிறேன்.