கிராணி சிதம்பரமும் மூன்று நிமிட முகாரியும்

போன ஞாயிறு காலை தேக்கா மார்க்கெட்டுக்குக் கறி வாங்கப் போயிருந்தேன். கூட என் தம்பி குமரன். ஆட்டிறைச்சிக் கடை பாய் வெட்டுக்கத்தியைத் தூக்கிப் பிடித்தபடியே அவனை முறைத்துப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

“நீங்க டிவியில வர்ற கிராணி சிதம்பரம்தானே?”

தம்பி தலையாட்டினான். அவ்வளவுதான்... பாய் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார், எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டார். “போன வாரம் டைப்ரைட்டரோட மல்லுக்கட்டினீங்களே! எங்க வாப்பா சிரிச்ச சிரிப்புல புரையேறிப்போச்சு. நாங்க எல்லாம் முதுகைத் தட்டிக்கிட்டு நிக்கிறோம்!”

வேறு யாராக இருந்தாலும் கால் தரையில் பட்டிருக்காது. தம்பிக்கோ முகம் தொங்கிப்போனது. எம்ஆர்டி ரயிலுக்கு இறங்கும்போது மெதுவாகச் சொன்னான்.

“அவரோட அப்பா சிரிச்சாராம்க்கா.”

பிரச்சினையே அதுதான். எங்கள் அப்பா சிரிக்கவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் நடக்கிற காமெடி. வெள்ளைக்காரத் துரைகள், அவர்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற தமிழ்க் குமாஸ்தாக்கள் – அந்தக் காலத்துப் பேச்சில் கிராணிகள். ஆறு வாரம், ஞாயிறு மாலை. நாற்பத்திரண்டு வயதில் நல்ல பேங்க் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போன என் தம்பிக்கு இதுதான் முதல் பெரிய வேடம். வேலையை விட்ட அன்று அப்பா சொன்னது ஒரே வார்த்தை. “சரி.” எங்கள் வீட்டில் அதைவிட மோசமான திட்டு கிடையாது.

அப்பாவும் அதே செம்பவாங்கில் இருபது வயதில் கிராணியாகச் சேர்ந்தவர். தொடரை விழுந்து விழுந்து பார்ப்பார் என்று நாங்கள் நினைத்தோம். நினைத்தோம்...

ஆனால் டைரக்டருக்கு ஒரு பாணி. கோமாளித்தனம் எவ்வளவு முற்றுகிறதோ, பின்னணியில் அவ்வளவு சுத்தமான கர்நாடக சங்கீதத்தை ஓட விடுவார். பேனா மை சட்டையில் கொட்டினால் வயலினில் ஓர் ஆலாபனை, துளி சிரிப்பில்லாமல். பார்க்கிறவர்களுக்கு வயிறு வலிக்கும்.

பார்க்கிறவர்களுக்கு. எங்கள் அப்பா கேட்கிறவர். கச்சேரியில் முன்வரிசை, தொடையில் தாளம், பாடகர் வாயைத் திறந்த மறுநொடி ராகத்தின் பெயர் – அந்த ரகம்.

முதல் வாரம் புக்கிட் பாஞ்சாங்கில் அப்பா வீட்டில் கூடினோம். அப்பா, அவருடைய கச்சேரித் தோழர் ராமலிங்கம் அங்கிள், நான், தம்பி. திரையில் தம்பி தோன்றினான். கூடவே வயலினும் தொடங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். பெற்ற பிள்ளை டிவியில் வருகிறான். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்!

“சஹானா,” என்றார் அப்பா.

“துவிஜாவந்தி மாதிரி இல்ல இருக்கு?” என்றார் அங்கிள்.

இந்த வழக்கு தீர்வதற்குள் தம்பியின் முதல் வசனம் வந்தது. “ஷ்ஷ்... குறுக்க குறுக்கப் பேசறானுங்க,” என்றார் அப்பா, டிவியைப் பார்த்து.

இரண்டாம் வாரம் வேறு வழக்கு. “சாயங்காலக் காட்சிக்குப் பிலகரியா? அது காலை ராகமய்யா!” அங்கிள் ஆழமாக யோசித்தார். “ஷூட்டிங் காலையில எடுத்திருப்பாங்க.” அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

மூன்றாம் வாரம்தான் அந்த டைப்ரைட்டர். பாயின் வாப்பாவுக்குப் புரையேறிய அதே நேரத்தில் எங்கள் அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் வாயாரப் பாராட்டவும் செய்தார். “வயலின்காரன் யாரு? கை நல்ல கை!”

தம்பி பொட்டலத்தில் வாங்கி வந்த தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் பாசிர் ரிஸ்ஸிலிருந்து தீவின் இந்த மூலைக்கு ரயிலேறி வருவது தொடரைப் பார்க்க இல்லை, அப்பாவின் முகத்தைப் பார்க்க. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு தடவை கண்ணைத் திறந்து பாத்தாத்தான் என்னப்பா?”

“காது தொறந்துதானேம்மா இருக்கு?”



மறுநாள் தம்பி டைரக்டருக்குப் போன் போட்டான். நான்காம் வாரம் அவனுக்குப் பெரிய காட்சி. அதற்கு மட்டும் மியூசிக் வேண்டாம் என்று கெஞ்சினான். உலகத்தில் எந்த நடிகனாவது இப்படிக் கேட்டிருப்பானா?

“மியூசிக்கைத் தூக்கினா காமெடி செத்துடும்லா!” என்றாராம் டைரக்டர். “அதுக்குத்தான் முகாரி வச்சிருக்கேன். மூணு நிமிஷம். டயலாக்கே இல்ல, ஃபுல்லா வயலின்!”

முகாரி... சோகத்துக்கென்றே இருக்கிற ராகம். அப்பாவுக்கு உயிர். தம்பி போனை வைத்துவிட்டு, “முடிஞ்சுதுக்கா,” என்றான்.

கறி வாங்கிய அன்று மாலை அந்தக் காட்சி வந்தது. துரையின் அறை. கீழே விழுந்த ஃபைலை எடுக்கக் குனிகிறார் கிராணி சிதம்பரம். கால்சட்டை பின்பக்கம் கிழிகிறது. அறையில் துரை, துரைசானி, விருந்தாளிகள். மனிதர் நிமிர்கிறார். முகத்தில் ஒரு சலனமில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கத் தொடங்குகிறார்.

முகாரியும் தொடங்கியது.

ராமலிங்கம் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்கள் திறந்திருந்தன.

சிதம்பரம் வழியில் பூந்தொட்டியில் இடித்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த மணிக்கூண்டு ஓவியத்துக்கு சல்யூட் வைத்தார். கதவென்று நினைத்து அலமாரியைத் திறந்து, பின்பக்கமாகவே உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, துரைசானிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்தேன். அப்பா பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் தோள்கள் குலுங்கின. “துரைக்கு முதுகு காட்டக்கூடாது... நாங்களும் இப்படித்தான்... இப்படியேதான்...” தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

விளம்பரம் வந்த பிறகுதான் அங்கிள் கண்ணைத் திறந்தார். ஈரமாக இருந்தது. “அந்தத் தைவத ஸ்வரத்துல நின்னான் பாருங்க! என்ன முகாரி!”

“எங்க?” என்றார் அப்பா.

“எங்கயா? இப்பத்தான். மூணு நிமிஷமா வாசிச்சானே!”

அப்பா டிவியைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். “மியூசிக்கா போட்டான்?”

“என்னய்யா நீங்க... முகாரிய்யா!”

“கவனிக்கல,” என்றார் அப்பா. கொஞ்சம் வெட்கமாகக்கூடச் சொன்னார். “இவன் நடந்துக்கிட்டிருந்தான்ல... இவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

தம்பி தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனான். ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. முகம் கழுவிய ஈரத்தோடுதான் திரும்பி வந்தான்.

முகாரியைக் கேட்டு அழுதவர்கள் ஊரில் நிறையப் பேர். அப்பா அதைக் கேட்கவில்லை என்று அழுதவன் என் தம்பி ஒருவன்தான்.