கிழிக்காத காகிதம்

தெருவில் அவருக்கு நர்ஸக்கா என்றுதான் பெயர். பிரசவ வார்டில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தது ஒரே தம்பி. நிதி அமைச்சகத்தில் செய்தித் தொடர்பாளர். தம்பிக்கு வெண்கலத் தொண்டை. விலைவாசி ஏறியதை அவன் வாசித்தால்கூட நல்ல சேதி மாதிரி இருக்கும் என்று அக்கா கேலி செய்வார்.

வங்கி ஆட்டம் காண்கிறது என்று பேச்சு அடிபட்ட சனிக்கிழமை, அக்காவும் பாஸ்புக்கோடு வாசல் வரிசையில் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்க்கடை டிவியில் தம்பி முகம் வந்தது. மக்கள் போட்ட பணத்துக்கு அரசாங்கம் பொறுப்பு, யாரும் பதற வேண்டாம் என்று வாசித்தான்.

"என் கூடப் பிறந்தவன்தான். அவன் வாயில பொய் வராது. பேசாம வீட்டுக்குப் போங்க" என்று அக்கா முன்னும் பின்னும் நின்றவர்களிடம் சொன்னார். நாலைந்து பேர் அவர் பேச்சைக் கேட்டுக் கலைந்தார்கள். அவரும் திரும்பினார்.

திங்கட்கிழமை வங்கிக் கதவு திறக்கவில்லை. இழுத்தடித்து, கடைசியில் போட்டதில் கால்வாசிதான் கைக்கு வந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அக்கா போக வேண்டியதாயிற்று.

"எனக்கே தெரியாதுக்கா. கையில குடுத்தாங்க, வாசிச்சேன்" என்றான் தம்பி. அக்கா நம்பினார். அவனைக் கரித்துக் கொட்டிய சொந்தக்காரர்களோடு சண்டைக்கே போனார்.

சில வருஷம் கழித்து, அந்த நெருக்கடியை அதிகாரிகள் எப்படிச் சமாளித்தார்கள் என்று ஒரு படம் எடுத்தார்கள். இயக்குநர் தம்பி வீட்டுக்கு வந்து வந்து பேசினார். ஓய்வு பெற்றபின் பேச ஆளில்லாமல் இருந்த தம்பி, பூட்டிய அறைக்குள் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தான். படம் வெளியானதும் அக்காவையும் அழைத்துப் போனான்.

திரையில் ஒரு நீள மேஜை. "திங்கட்கிழமை கதவு திறக்காது. இன்னைக்கே அதைச் சொன்னா கூட்டம் கதவை உடைக்கும்" என்றார் நிதிச் செயலர். சட்டை நனைய வேர்த்து நின்ற செய்தித் தொடர்பாளர், கையில் திணித்த அறிக்கையைக் கிழித்து மேஜைமேல் எறிந்துவிட்டு வெளியேறினார். அரங்கமே கை தட்டியது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவின் கை மடியிலேயே கிடந்தது.

வெளியே, கார் நிறுத்திய இடத்தில் கேட்டார்.

"உனக்குச் சனிக்கிழமையே தெரியுமா?"

"சினிமாக்கா. அவங்க இஷ்டத்துக்கு ஜோடிச்சிருக்காங்க."

"கிழிச்சது ஜோடனை. நீ வாசிச்சதைத்தான் நான் பார்த்துட்டு நின்னேனே. முன்னாடியே தெரிஞ்சதும் ஜோடனையா?"

எத்தனையோ நிருபர்களை மடக்கியவன், சட்டைப் பையில் சாவியைத் துழாவினான்.

"உள்ள பேசினதை வெளிய சொன்னா வேலை போயிடும்கா."

"ஊருக்குச் சொல்லச் சொல்லலைடா. எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, வரிசையிலயே நின்னிருப்பேனே."

காரில் ஏறாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அதன்பின் அவன் போனை எடுக்கவில்லை.

தம்பிக்கோ போகிற இடமெல்லாம் ராஜமரியாதை. "நிஜமாவே கிழிச்சீங்களா சார்?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று சிரிப்பான். என்ன ஒரு அடக்கம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

அன்று வரிசையிலிருந்து தான் அனுப்பி வைத்தவர்களைத் தேடி அக்கா புறப்பட்டார். முதலில் தையல்காரப் பெண்ணின் வீடு. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என் தம்பிக்கு முன்னாடியே தெரியும்மா. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. உங்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அவள் மெஷினை நிறுத்தினாள். "நான் டிவியைப் பார்க்கவே இல்ல நர்ஸக்கா. உங்களைத்தான் நம்பினேன்."

உட்காரச் சொல்லவில்லை. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டைத் தேடி நடந்தார்.