இரண்டாவதாக வர ஒரு பிள்ளை

“பிள்ளைக்கு என்ன வயசு?”

கேட்டுவிட்டு பெட்ரிசியா முட்டைத் தட்டைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார். பதில் வந்தால்தான் முட்டை நகரும். மலேசியாவின் பகாவ் பட்டணத்துப் பேரங்காடி ஒன்றின் கடைசிக் கல்லாவில் இது எழுதப்படாத சட்டம். சாமான் வாங்க வந்தவரின் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் போதும். பின்னால் நிற்கிறவர்கள் கையிலுள்ள ஐஸ்கிரீமை வரிசையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுவது நல்லது.

“ஆறு, அக்கா.”

“அப்போ அடுத்த வருஷம் ஸ்டாண்டர்ட் ஒன். எந்தப் பள்ளிக்கூடத்துல போடுறீங்க? நூறு வரைக்கும் எண்ணுமா? திருப்பி எண்ணுமா?”

“அக்கா, முட்டை...”

“முட்டை எங்க லா ஓடப் போவுது? நீங்க சொல்லுங்க.”

நாற்பதை நெருங்கும் வயது. கடையின் சிவப்புச் சட்டை. கொண்டையில் செருகிய இரண்டு பேனா. நீலம் கடைக்கு, சிவப்பு வீட்டுக்கு. மாற்றி எடுத்ததாக இதுவரை புகார் இல்லை. எங்கள் செம்பனைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கிறார். கணவர் பெர்னார்ட் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறார். வீட்டில் கல்வி தொடர்பான எந்தத் தீர்மானத்திலும் அவருக்கு ஓட்டுரிமை கிடையாது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

பிள்ளைகளின் வயதையும் படிப்பையும் விசாரிப்பது பெட்ரிசியாவுக்குப் பிறவிக் குணம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில்கூட, பிடித்த கையை விடாமல், “உங்க சின்னவன் இன்னும் டிக்டேஷன்ல தப்பு விடுறானா?” என்று கேட்கக்கூடியவர். போன வருஷம் அந்த விசாரணைக்கு ஓர் இலட்சியம் வந்து சேர்ந்தது. எல்லாம் மகள் கிளாரிசால்.

கிளாரிஸ் முதலாம் ஆண்டுக்குத் தயாரிக்கப்பட்ட விதத்தைப் பார்த்தால், செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்ப நினைக்கிறவர்கள் வெட்கப்படுவார்கள். ஐஸ்பெட்டிக் கதவில் பெருக்கல் வாய்ப்பாடு. குளியலறைக் கதவில் மலாய் வினைச்சொற்கள். அதை ஒப்பிக்காமல் யாரும் வெளியே வர முடியாது, பெர்னார்ட் உட்பட. தட்டில் முருங்கைக்காய் எத்தனை, அதில் பாதி எத்தனை என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிடும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கும் முன்பே அந்தக் குழந்தை முதலாம் ஆண்டுப் பாடத்தை முடித்துவிட்டு, சுவரைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தது. ஆமாம், சுவரைப் பார்த்துத்தான். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வரும். கேட்டவர் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பது கிடையாது. ஜோசியக் கிளிகூடச் சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும்.

இப்பேர்ப்பட்ட மாணவியைத் தேடி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் ஒரு மாலை வந்தார். கையில் இலவசச் சீருடை, முகத்தில் பெண் கேட்டு வந்தவரின் பணிவு. நம்மவர்கள் பெரும்பாலும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. மிச்சமிருக்கும் பள்ளிக்கூடத்தை ஒரே வேனில் ஏற்றிச் சுற்றுலா கொண்டுபோய்விடலாம். பெட்ரிசியா அவருக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு நேர்காணலைத் தொடங்கினார்.

“முதலாம் ஆண்டுல எத்தனை பிள்ளைங்க சார்?”

“உங்க மகள் வந்தா... ஒண்ணும்மா.”

“வரலன்னா?”

“முதலாம் ஆண்டே இல்லம்மா.”

“சரி, வர்றா. எம்பொண்ணு ஃபர்ஸ்ட்டு வந்தா, யாரை ஜெயிச்சான்னு நாலு பேரு கேப்பாங்க. யாரைக் காட்டுறது?”

தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார். “இப்ப ஃபர்ஸ்ட்டு, செகண்ட்லாம் கெடையாதும்மா. பரீட்சையையே எடுத்துட்டாங்க. தேர்ச்சி நிலைன்னு ஆறு படி இருக்கு, அவ்வளவுதான்.”

“படின்னு ஒண்ணு இருந்தா, ஒருத்தி மேல நிக்கணும், ஒருத்தி கீழ நிக்கணும்ல சார்? இவ மட்டும் தனியா ஏறி நின்னு என்ன செய்வா? காத்து வாங்குவாளா?”

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இந்தக் கேள்விக்கு யாரும் அவரைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை. பெட்ரிசியாவே தீர்ப்பும் சொன்னார். “கிளாரிசைச் சேக்கிறேன். ஆனா போட்டிக்கு ஒரு பிள்ள வேணும். நீங்க அலைய வேணாம், நானே பாத்துக்கிறேன்.”

இப்படியாக, நாட்டிலுள்ள தாய்மார்களெல்லாம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடிக்கொண்டிருக்க, பெட்ரிசியா ஒருவர் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை தேடினார். அதுவும் ஏதோ ஒரு பிள்ளை அல்ல. இரண்டாவதாக வரத் தகுதியுள்ள பிள்ளை. “ரொம்ப மக்காவும் இருக்கக் கூடாது, அப்புறம் இவளுக்குச் சுறுசுறுப்பு வராது. ரொம்பக் கெட்டியாவும் இருக்கக் கூடாது. நடுவுல ஒண்ணு வேணும் லா.” பசாரில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பையன் அகப்பட்டான். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். “கண்ணாடி ஆபத்து,” என்று தள்ளிவிட்டார். இன்னொரு பெண்ணுக்குச் சித்தி ஆசிரியை. “வீட்டுலயே கேள்வித்தாள் கெடைக்கும்,” என்று அதுவும் போயிற்று. சேதி கேட்டுத் தலைமையாசிரியர் கடைக்கே ஓடிவந்து, வரிசையில் நின்று, ஒரு தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு கெஞ்சினார்: “அம்மா, நீங்க வேணாம்னு தள்ளுற பிள்ளைங்களை என்கிட்ட சொல்லுங்கம்மா! எனக்கு எல்லாரும் வேணும்!” அவர் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரையும் சீனப்பள்ளியில் சேர்த்து முடித்திருந்தார்கள்.

கடைசியில் மாதவி கிடைத்தாள், கல்லாவிலேயே. எங்கள் தோட்டத்தில் பழக்குலை வெட்டும் வீரமுத்துவின் மகள். அம்மா புனிதாவோடு வெங்காயம் வாங்க வந்திருந்தாள்.

“பாப்பா, இது என்ன கலரு?” பதில் இல்லை. “அஞ்சும் மூணும் எத்தனை?” பதில் இல்லை. “பேராவது தெரியுமா?” குழந்தை நிமிர்ந்து பெட்ரிசியாவின் கண்ணையே பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

அன்று பெட்ரிசியாவின் முகத்தில் தோன்றிய ஒளியை நான் சிறகு விரித்த சம்மனசுகளின் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். வெங்காயம் போட்ட பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தன் மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுபோய் விடுவதாகவும் வாக்களித்தார். குழந்தையின் வாயில் பெரிய மிட்டாய் ஒன்று இருந்தது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

பள்ளி திறந்தது. அரசாங்கம் பரீட்சையை எடுத்ததால் ஏற்பட்ட குறையைப் பெட்ரிசியா தாமே நிவர்த்தி செய்தார். “அவங்க எடுத்துட்டா நானும் எடுக்கணுமா?” சனிக்கிழமைதோறும், வேலைக்குப் போகும் முன், சமையலறை மேசையில் தேர்வு. கேள்வி தயாரிப்பவர், கண்காணிப்பவர், திருத்துபவர் எல்லாம் ஒருவரே. ஜெயித்தவருக்கு ஒரு பாக்கெட் மைலோ. முதல் தேர்வில் மாதவி பென்சிலைப் பிடிக்கத் தெரியாமல் தாளைக் கிழித்துவிட்டாள். பெட்ரிசியா மனமுடைந்து போனார். “இப்படித் தோத்தா எம்புள்ளைக்கு என்ன லா மரியாதை?”

ஆகவே எதிரிக்குப் பயிற்சி கொடுப்பதென்று முடிவாயிற்று. மாலையில் வேலை விட்டு வந்ததும், சட்டைகூட மாற்றாமல், மாதவியின் கையைப் பிடித்து எழுத வைத்தார். “எட்டுக்கு இடுப்பை இறுக்கிக் கட்டு. இப்படித் தொளதொளன்னு விட்டா பூஜ்யம் ரெண்டுன்னு நெனைப்பாங்க.” காலையில் மோட்டாரில் போகும்போது எதிரே வரும் லாரியின் நம்பரைக் கூட்டிச் சொல்ல வேண்டும், லாரி கடந்து போய்விட்டால் பதில் செல்லாது. தோற்பதற்குத் தேவையான அளவு மட்டும் சொல்லிக்கொடுப்பதுதான் திட்டம். அளவு எங்கோ தவறிவிட்டது.

சில மாதங்களில், ஒரு சனிக்கிழமை, மாதவி முதலாவதாக வந்தாள்.

பெட்ரிசியா மறுபடி திருத்தினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு முறை திருத்தினார். கேள்வி அவருடையது, பேனா அவருடையது, மேசை அவருடையது. ஒரு கோட்டை அங்கே இங்கே நகர்த்தியிருந்தால் கேட்க நாதியில்லை. நகர்த்தவில்லை. பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் முகத்தோடு மைலோவை மாதவியிடம் நீட்டினார். “இந்த ஒரு வாட்டிதான் லா. ரொம்ப ஆடாத.” அடுத்த சனிக்கிழமையும் மாதவிதான்.

அதற்குப் பிறகு கல்லாவில் நின்றவர்கள் பட்ட பாட்டை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. “பென்சில் பிடிக்கத் தெரியாம வந்துச்சுண்ணே. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப எம்பொண்ணையே தூக்கி அடிக்குது. இதை யாருகிட்ட போய்ச் சொல்றது?”

“சொல்லிக் குடுத்த டீச்சர்கிட்ட போய்ச் சொல்லுங்க,” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். அவர் வாங்கிய மாவுப் பாக்கெட்டின் விலையை இயந்திரம் வெகுநேரம் படிக்க மறுத்தது.

இதற்கிடையில் கிளாரிஸ் வேறு ஆளாகிக்கொண்டிருந்தாள். தோற்ற அன்று அழுதாள். அழுது முடித்து, மாதவியின் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். “ஏய், நீ எப்படி லா இதைப் போட்ட? காட்டு!” மாதவி காட்டினாள். “அது தப்பு,” என்றாள் கிளாரிஸ். “உங்கம்மா சரின்னு போட்டுருக்காங்க,” என்றாள் மாதவி. ஒரே கணக்கின் மேல் இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. அடுத்த வாரம் யாரும் எழுப்பாமலே கிளாரிஸ் எழுந்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். “அம்மா, பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் ஏன் பூஜ்யமாவே இருக்கு?” என்று கேட்டாள். அந்த வீட்டில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பெட்ரிசியா அதைக் கவனித்தார் என்பதற்கு ஆதாரம், அடுப்பில் தோசை கருகியது. வாயால் ஒப்புக்கொள்ளச் சொன்னால் மாட்டார்.

போன மாதம் வீரமுத்துவுக்குச் சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே ரஹாங் பகுதியில் மச்சான் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு. “எத்தனை காலத்துக்குக்கா மரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கறது? கழுத்தே போச்சு,” என்று சொல்லிக்கொள்ள வந்தார்.

“போங்க லா, நல்லது. எனக்கும் நிம்மதி. இனிமே கிளாரிசுதான் எப்பவும் ஃபர்ஸ்ட்டு,” என்றார் பெட்ரிசியா. அன்று கடையில், குழந்தையோடு வந்த யாரிடமும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வரிசை மளமளவென்று நகர்ந்தது. வாடிக்கையாளர்கள் பயந்துபோனார்கள்.

சனிக்கிழமை லாரி வந்தது. பெட்ரிசியா மகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வழியனுப்ப வந்தார். அலமாரிக்குக் கை கொடுக்க நானும் போயிருந்தேன். வந்ததும் வராததுமாகக் குறை சொல்லத் தொடங்கினார். “மெத்தையை இப்படியா கட்டுவாங்க? சிரம்பான் போறதுக்குள்ள பறந்துரும்.” பிறகு புனிதாவைப் பிடித்துக்கொண்டார்.

“அங்க பள்ளிக்கூடம்?”

“மாத்தல் இன்னும் கெடைக்கலக்கா. கொஞ்ச நாள் ஆவும்னாங்க.”

“அது வரைக்கும்?”

“வீட்லதான். டிவி பாத்துக்கிட்டு இருப்பா.”

பெட்ரிசியா கண்ணை மூடித் திறந்தார். லாரியின் முன்கதவருகே கிளாரிஸ் நின்றிருந்தாள். உள்ளே, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாதவியோடு ஏதோ வாதம் நடந்துகொண்டிருந்தது. இருவரும் விரல் மடக்கியதைப் பார்த்தால் கணக்குதான். வீரமுத்து டிரைவரிடம் கிளம்பலாம் என்று கை காட்டினார்.

பெட்ரிசியா லாரியின் பின்பக்கம் போனார். டயரில் கால் வைத்து ஏறினார். மெத்தைக்கும் மின்விசிறிக்கும் நடுவே கையை விட்டுத் துழாவி மாதவியின் புத்தகப்பையை இழுத்தார். வரவில்லை. பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தார். பையும் வந்தது, மெத்தைக் கயிறும் அவிழ்ந்தது.

“அக்கா, அது எங்க பிள்ள பை!” என்று வீரமுத்து கத்தினார்.

“தெரியும் லா. பள்ளிக்கூடம் கெடைக்கட்டும், பிள்ளையை நானே கொண்டாந்து விடுறேன்.”

யாருடைய பதிலுக்கும் காத்திராமல் இறங்கினார். சிறுபிள்ளைப் பையின் வார், முழங்கைக்கு மேல் ஏறாமல் அங்கேயே தொங்கியது. அதோடு மோட்டாரிடம் போய், கிளாரிசைக் கூப்பிட்டு முன்னால் ஏற்றினார். பின்சீட்டில் படிந்திருந்த செம்மண் தூசியை உள்ளங்கையால் துடைத்தார். குனிந்து பார்த்தார். திருப்தியில்லை போலிருக்கிறது, சட்டை நுனியை இழுத்துப் பிடித்து இன்னொரு முறை துடைத்தார்.