பிரம்பில்லாத இருபத்திரண்டு மணி நேரம்

கொரியாவில் பள்ளிக்கூடத்துக்குள் யாரும் வெளிச்செருப்போடு போவதில்லை. வாசலில் ஆளுயர மர அடுக்கு இருக்கும். ஷூவைக் கழற்றி அதில் வைத்துவிட்டு, உள்ளே போடுவதற்கென்றே இருக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். நான் தோலுக்குப் பேர்போன ஆம்பூர்க்காரி. முதல் வாரம் அந்த அடுக்கின் முன்னால் நின்று, எது அசல் தோல், எது ரெக்ஸின் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் அந்த ரப்பர் செருப்புக்கு இன்னொரு வேலையும் இருப்பதைப் பார்த்தேன். என்னோடு வகுப்புக்கு வரும் பாக் ஆசிரியர், பாடத்தின் நடுவே காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஒரு மாணவனின் கன்னத்தில் அறைந்தார். மறுபடி அதைக் காலில் மாட்டிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து படித்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எங்கள் ஊரில் செருப்பால் அடித்தால் வெட்டுக்குத்தில் போய் முடியும். இது மண்ணில் படாத செருப்பு, இங்கே அதற்கு அந்த அர்த்தம் இருக்காது என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். அடியைப் பார்த்ததும் சமாதானம் தேடுவது எனக்குப் பழகிய வேலை.

ஆம்பூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஏழு வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். என் கணவர் சாமுவேல் தோல் பதனிடும் கம்பெனியில் டெக்னீஷியன். 1997இல் நியூசிலாந்தில் ஆட்டுத்தோல் பதனிடும் ஒரு கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. நானும் போனேன். அங்கே ஒரு வருட ஆசிரியர் படிப்பைப் படித்தேன், குடியுரிமையும் வந்தது. ஆனால் அவ்வப்போது லீவில் போகும் டீச்சருக்குப் பதிலாக நிற்பதைத் தவிர நிரந்தர வேலை அமையவில்லை. பிறகு அவருடைய கம்பெனியும் மூடியது. அந்தச் சமயத்தில்தான் கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்கள் வேண்டும் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது.

வாணியம்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் சொந்தக்காரப் பிள்ளைகள் இந்த வேலையைப் பற்றி எனக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டில் இந்த வேலைக்கு விசா கிடையாது. இங்கிலீஷ் தாய்மொழி என்று அவர்கள் ஒத்துக்கொண்ட சில நாடுகளின் பாஸ்போர்ட் வேண்டும். நம் பக்கத்திலிருந்து கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ போய்க் குடியேறியவர்கள் விண்ணப்பிக்கலாம். அப்போதும் போட்டோவைப் பார்த்த பிறகு ஏஜெண்டுகளிடமிருந்து பதில் வராமல் போகும். எனக்கு மூன்று பேர் பதில் போடவில்லை. நான்காவது ஆள் ஒப்பந்தத்தை அனுப்பினார்.

பதினான்கு பக்கம், இடது பக்கம் கொரிய மொழி, வலது பக்கம் இங்கிலீஷ். சமையலறை மேஜையில் அதை விரித்து வைத்து சாமுவேல் பென்சிலோடு உட்கார்ந்தார். தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டையும் கீறலும் தேடுகிற அதே முகம். தனியார் டியூஷன் நிலையங்களைவிட அரசுப் பள்ளி மேல் என்பது அவர் விசாரித்து வைத்திருந்த விஷயம். சம்பளம் தேதி தவறாது, பள்ளி ராத்திரியோடு ராத்திரியாக இழுத்து மூடப்படாது. வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு மணி, அதற்கு மேல் எடுத்தால் தனிப்படி. குடியிருக்க ஒரு அறை. ஒரு வருடம் முடித்து மறுபடி கையெழுத்துப் போட்டால் இரண்டு வாரம் லீவு, சொந்த நாட்டுக்குப் போய்வர டிக்கெட். எந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு எடுக்கலாம் என்கிற பத்தியை அவர் மூன்று தடவை படித்தார். இங்கிலீஷுக்கும் கொரிய மொழிக்கும் வித்தியாசம் வந்தால் கொரிய மொழியில் இருப்பதுதான் செல்லும் என்ற வரியின் கீழே கோடு போட்டார். பதினோராவது பத்தியில் பென்சில் நின்றது. வகுப்பில் ஒழுங்கைக் காப்பதில் கொரிய ஆசிரியருக்கு உதவ வேண்டும் என்றிருந்தது.

"இது இன்னா?" என்றார்.

பசங்களைச் சத்தம் போடாமல் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். ஏன் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஆம்பூரில் நடந்தது அவருக்குத் தெரியும்.

பாக் ஆசிரியர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூன்று மணி நேரம் காத்திருந்தவர். அவரிடம் பில்லியர்ட்ஸ் கோலை வெட்டிச் செய்த ஒரு தடி இருந்தது, பிடிக்குப் பச்சை டேப் சுற்றியது. அதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் பெயர் 'சராங் எ மே'. அன்பின் பிரம்பு என்று அர்த்தம். வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் கரும்பலகையில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். தொடையில் விழும் அடியை அவர் கொரிய மொழியில் எண்ணச் சொல்வார். ஒன்றிலிருந்து பத்துவரை கொரிய மொழியில் எண்ண நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஜன்னலோரம் உட்காரும் மின்சு என்ற பையன் எல்லோரையும்விட அதிகம் அடி வாங்குவான். அவன் அம்மா சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து முதல் மணியிலேயே தூங்கிப்போவான்.

அக்டோபரில் ஒரு நாள் பாக் ஆசிரியருக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. போகும்போது தடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முப்பத்தெட்டுப் பேர். அவர் கதவைச் சாத்தியதும் சத்தம் எழும்பியது. நான் இரண்டு தரம் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. மேஜையில் தடியைத் தட்டினேன், அறை அடங்கியது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மின்சு மட்டும் தூக்கத்தில் இருந்தான். அவன் பக்கத்தில் போய்த் தடியை ஓங்கினேன். அடிக்க நினைத்தேனா, மிரட்ட நினைத்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், அவன் இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆம்பூரில் என்னிடம் படித்த பரிமளா எட்டாம் வகுப்பு. மாதனூர் பக்கம் ஊர். அம்மா கோவிந்தம்மாள் ஷூ கம்பெனியில் வேலை, காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு திரும்புவார். அது போதாதென்று ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைத்துக் கொடுப்பார். பரிமளாவும் தைப்பாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று நான் டிக்டேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில்தான் தலைமையாசிரியர் தேர்ச்சி குறைந்துபோனதற்காக மற்ற டீச்சர்கள் முன்னால் என்னைத் திட்டியிருந்தார். பரிமளாவின் நோட்டில் கோழி கிளறியதுபோல எழுத்து. பேனாவைச் சரியாகப் பிடி என்றேன். பிடிக்கவில்லை. மறுபடி சொன்னேன். குனிந்தே இருந்தாள். ஓங்கி ஓர் அறை விட்டேன். பெஞ்சின் விளிம்பில் தலை மோதிக் கீழே விழுந்தாள். எழுந்திரு என்று கத்தினேன். எழாததால் முதுகில் இன்னும் இரண்டு அடி போட்டேன். பக்கத்துப் பெண் "டீச்சர், ரத்தம்" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். இடது காதிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கி உட்கார வைத்தபோது அவள் விரல்களைப் பார்த்தேன். ஊசி குத்திய நுனிகள் வீங்கிப் பழுத்திருந்தன. அந்த விரலால் பேனாவைப் பிடிக்க முடியாது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செவிப்பறை கிழிந்துவிட்டது, உள்ளேயும் அடி, அந்தப் பக்கம் இனிமேல் கேட்பது கஷ்டம் என்றார்கள். கோவிந்தம்மாள் கம்பெனி ஏப்ரனோடு ஓடிவந்தார். என்னைத் திட்டுவார், அடிப்பார், போலீசுக்குப் போவார் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"நான்தானே டீச்சர், ரெண்டு போட்டுப் படிக்க வையுங்கன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன்" என்றார். அதைச் சொல்லித் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியர் பெரிசு பண்ண வேண்டாம் என்றார். பெரிசாகவில்லை. என் பேரில் ஒரு மெமோகூட இல்லை. பரிமளா அந்த வருடத்தோடு பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: அடுத்த வாரமே நான் மறுபடி பிரம்பை எடுத்தேன். காதுப் பக்கம் போகாமல் கையிலும் காலிலும் மட்டும் அடித்தேன். அதைத் திருந்தியது என்று நினைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் அடித்தேன்.

கொரியாவில் மின்சுவுக்கு முன்னால் அந்தத் தடியைத் தாழ்த்திய பிறகு நான் அதைத் தொடவில்லை. நவம்பரில் ஒரு நாள் மின்சு பாக் ஆசிரியரை எதிர்த்து ஏதோ முனகினான். அவர் முதலில் செருப்பால் வாயில் அடித்தார். உதடு கிழிந்தது. அவன் கையை உயர்த்தி மறைத்துக்கொண்டதும் அதை எதிர்ப்பாக எடுத்துக்கொண்டு வயிற்றில் எட்டி உதைத்தார். சுவரோரம் இருந்த இரும்பு ஹீட்டரில் போய் விழுந்தான். கோலைத் தலைக்கு ஓங்கிக்கொண்டு அவர் போனபோது நான் நடுவில் போய் நின்றேன். அடி என் முன்கையில் விழுந்தது. எலும்பில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. தடியைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. இருவரும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் முன்னால் அதை இழுத்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் என் கையைப் பார்த்து முகம் வெளுத்துத் தடியை விட்டுவிட்டார்.

அன்று மாலை துணைத் தலைமையாசிரியர் அறையில் பாக் ஆசிரியர் இடுப்பு வளைய என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய தவறு நடந்துவிட்டது என்று துணைத் தலைமையாசிரியர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். நான் மின்சுவைச் சொல்கிறார் என்று நினைத்து, அவனிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மின்சு ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்டான் என்று பெருமையாகச் சொன்னார். மறுநாள் அவன் அம்மா தக்காளி போலிருக்கும் சீமைப்பனிச்சைப் பழம் ஒரு பெட்டியோடு வந்து பாக் ஆசிரியர் முன்னால் குனிந்தார். பிறகு என் கைக்கட்டைப் பார்த்து, என் பக்கம் திரும்பி இன்னும் தாழக் குனிந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜனவரியில் அடுத்த வருட ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தார்கள். பதினோராவது பத்தியின் கீழே, நான் இருக்கும் வகுப்பில் யாரையும் அடிக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். துணைத் தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, யாரும் உங்களை இனி அடிக்க மாட்டார்கள் என்று உறுதி சொன்னார். திரும்ப விளக்கினேன். புரிந்ததும் ஸ்கேல் வைத்து அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு இழுத்து, அதன்மேல் தன் முத்திரையைப் பதித்தார். ஒப்பந்தம் கல்வி அலுவலகத்தினுடையது, ஒரு எழுத்தும் சேர்க்க முடியாதாம்.

நியூசிலாந்தில் இருந்த சாமுவேலுக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போடாமல் வந்துவிடு, ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பெட்டியைக்கூடக் கீழே இறக்கினேன். ஆனால் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. நவம்பருக்குப் பிறகு, நான் நிற்கும் வகுப்புக்குப் பாக் ஆசிரியர் தடி இல்லாமல் வந்துகொண்டிருந்தார். பக்கத்து அறையில் அடிக்கும் சத்தம் கேட்கும், என் அறையில் கேட்காது. நான் போனால் வாரத்தில் அந்த இருபத்திரண்டு மணி நேரமும் பழையபடி ஆகும். இந்தக் கணக்கை எந்த ஏஜெண்டும் சொல்லித்தர மாட்டார். மறுநாள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

சொந்த நாட்டுக்கு டிக்கெட் என்றதும் அலுவலகத்தில் நியூசிலாந்துக்குப் போட்டார்கள். சென்னைக்கு வேண்டும் என்றேன். என் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டி, உங்கள் நாடு இது என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னார்கள். சென்னை டிக்கெட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

பரிமளா இப்போது ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். கோவிந்தம்மாள் இறந்துபோய் நான்கு வருடமாகிறது. மாதனூரில் விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு பாயை விரித்தாள். விமானத்தில் பலமுறை சொல்லிப் பார்த்த வார்த்தையை, உட்கார்ந்ததும் சொன்னேன். உன்னை நான் அடிச்சிருக்கக் கூடாது. அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க டீச்சர். அந்தக் காதுல விழாது" என்றாள்.

நகர்ந்து உட்கார்ந்து மறுபடி சொன்னேன். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு டீக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு, அன்றைக்கு வலித்தது ஞாபகமில்லை, அதற்கப்புறம் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்தாலே வாந்தி வரும், அதுதான் ஞாபகம் என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. டீ கொடுத்தாள்.

என் வேலையைப் பற்றி விசாரித்தாள். அந்த ஊரிலும் டீச்சர்கள் அடிப்பார்களா என்று கேட்டாள். அடிப்பார்கள், நான் இருக்கிற வகுப்பில் மட்டும் அடிக்க மாட்டார்கள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். ஒன்றாம் வகுப்பு, ஹைவே ஓரத்து இங்கிலீஷ் மீடியம். பரிமளா அவள் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையில் குறுக்கே மூன்று பிரம்புத் தடிப்பு, ஒன்று இன்னும் ஊதா நிறம்.

"அப்போ இங்க?" என்றாள்.

வியாழக்கிழமை எனக்குக் கொரியாவுக்கு விமானம். அந்தக் கை என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. குழந்தை அதை இழுத்துக்கொள்ளாமல், நான் என்ன செய்யப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.